செகண்ட் டிவிஷன் கிளப்பா, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலா, பெங்களூரா, கல்லூரியா? தர்மபுரி, கிருஷ்ணகிரி கால்பந்துப் பெண்களின் வீட்டாருக்கு

பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று ஊர்தான் மாறுகிறது, கேள்வி ஒன்றேதான். "பொண்ணு நல்லா ஆடுறா சார். ஒரு கிளப்புல நேஷனல் லீக் செகண்ட் டிவிஷனுக்குக் கூப்பிடறாங்க. அனுப்பலாமா? இல்ல ஹாஸ்டல்ல சேர்த்துடலாமா? பெங்களூரு பக்கத்துலதானே, அங்க விடலாமா?" பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: "காலேஜ்ல சேர்ந்தா ஆட்டம் போயிடுமா?"

முதலில் அந்த லீக் என்ன என்று பார்த்துவிடுவோம். இந்தியன் விமன்ஸ் லீக் 2016-17 சீசனில் தொடங்கியது. 2018-19 கோப்பையை மதுரையின் சேது எஃப்.சி. வென்றது. 2023-24 சீசனில் முதல் டிவிஷன், அணிகள் தங்கள் ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறைக்கு வந்தது. அதே சீசனில்தான் அதற்குக் கீழே இரண்டாம் டிவிஷன், அதாவது ஐ.டபிள்யூ.எல். டூ தொடங்கியது. முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் மேலே போகும். முதல் முறை அப்படிப் போனவை கொல்கத்தாவின் ஸ்ரீபூமியும் ஒடிசாவின் நீத்தா அகாடமியும். 2024-25 இல் முதல் டிவிஷனில் தமிழ்நாட்டிலிருந்து ஆடியது சேது மட்டும், கர்நாடகத்திலிருந்து கிக்ஸ்டார்ட் மட்டும். ஆக, நம் பக்கத்துப் பெண்ணுக்கு 'நேஷனல் லீக்' என்று ஒரு போன் வந்தால், பெரும்பாலும் அது இரண்டாம் டிவிஷன் அழைப்பாகத்தான் இருக்கும்.

என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்த லீக் சில வார விஷயம். ஆண்டில் மிச்சமிருக்கும் மாதங்களில் அவளுக்குச் சாப்பாடு, படிப்பு, பயிற்சி, மருத்துவம் யார் பொறுப்பு என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஜெர்சியில் யார் பேர் இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, ஆட்ட நேரம். பயிற்சி எவ்வளவு என்பதைவிட, வருடத்தில் உண்மையான மேட்ச்சில் எத்தனை நிமிடம் களத்தில் நிற்பாள் என்பது முக்கியம். பெரிய கிளப்பில் பெஞ்ச்சில் உட்கார்ந்தே ஒரு சீசன் கழிந்தால், பதினேழு வயதில் அது பெரிய நஷ்டம்.

இரண்டாவது, படிப்பு அறுந்துபோகாமல் இருப்பது. இதில் நம் மாவட்டங்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் ₹1,000 வரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே 6 முதல் 12 கணக்குதான். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் அதில் சேர்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஆட்டத்துக்காக வேறு மாநிலப் பள்ளிக்கோ தனியார் பள்ளிக்கோ மாற்றினால் இந்த இரண்டும் கையைவிட்டுப் போகும். டி.சி. வாங்கும் நாளில் இதைப் பள்ளியில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மூன்றாவது, சான்றிதழ். இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 'நேஷனல் லீக் ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை' என்று கிளப்காரர்கள் சொல்வார்கள். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டுச் சான்றிதழ்ப் படிவங்களை எடுத்துப் பாருங்கள். படிவம் 1 நாட்டுக்காக ஆடியவர்களுக்கு. படிவம் 2 மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு. படிவம் 3 பல்கலைக்கழக அணிக்கு, படிவம் 4 பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்கு. கிளப்புக்கு ஆடியதற்கென்று அதில் ஒரு படிவம் கிடையாது. தமிழ்நாட்டு அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கேயும் எந்தப் போட்டி, எந்த இடம் என்று அரசாணையில் வரிசையாக இருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். லீக்கில் ஆடினால் மாநில அணித் தேர்வாளர் கண்ணில் படலாம், அது நிஜமான லாபம். ஆனால் பேப்பராக அதற்கு மதிப்பு வருவது அவள் மாநில ஜெர்சி போட்ட பிறகுதான்.

நான்காவது, பாதுகாப்பும் காயமும். கடைசியாகச் செலவு. செலவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதை எல்லோரும் தானாகவே பார்த்துவிடுவார்கள்.

## செகண்ட் டிவிஷன் கிளப்

நல்ல பக்கம் பெரியது, அதை மறைக்கக் கூடாது. மணிப்பூர், ஒடிசா, வங்காளம், ஹரியானாப் பெண்களோடு ஒரே களத்தில் நிற்கும் வாய்ப்பு உள்ளூரில் எத்தனை வருடம் ஆடினாலும் கிடைக்காது. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அடுத்த பாஸை முடிவு செய்துவிடும் எதிராளியை நம் பெண் முதன்முதலில் பார்ப்பது அங்கேதான். வேகமான மேட்ச் இரண்டு ஆடிவிட்டு வந்த பெண், நம் மாவட்ட மைதானத்தில் நிற்கும் விதமே மாறியிருக்கும். பந்து வாங்கும் முன் தோளுக்கு மேலே ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். அந்த ஒரு பழக்கத்துக்காகவே அனுப்பலாம் என்று தோன்றும்.

ஆனால் லீக் நடக்கும் விதத்தைப் பாருங்கள். அணிகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவின் ஆட்டங்களை ஓர் ஊரில் வைத்து, நெருக்கமான இடைவெளியில் முடித்துவிடுவார்கள். தேறும் அணிகளுக்கு மட்டும் இறுதிச் சுற்று. உங்கள் அணி தேறவில்லை என்றால் அந்தப் பெண்ணின் 'தேசிய லீக்' விரல்விட்டு எண்ணும் மேட்ச்களோடு முடிந்தது. அதிலும் ஆடும் பதினொன்றில் இருந்தால்தான் அந்தக் கணக்கும். போனில் பேசும்போது "ஸ்குவாடுல எடுத்துக்கறோம்" என்பார்கள். ஸ்குவாடில் இருப்பது வேறு, களத்தில் இறங்குவது வேறு. "அவளோட பொசிஷன்ல இப்ப யார் ஆடறாங்க?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் கோச், மற்ற விஷயங்களிலும் நேராக இருப்பார்.

பணம். முதல் டிவிஷன் கிளப்புகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு ₹3.2 லட்சமாவது தரும் ஒப்பந்தம் போட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023 இல் அறிவித்தது. அந்த அறிவிப்பு முதல் டிவிஷனுக்கானது. அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாம் டிவிஷனுக்குப் பெட்டி கட்ட வேண்டாம். இங்கே பேச்சு பெரும்பாலும் போக்குவரத்து, சாப்பாடு, தங்குமிடம், கையில் கொஞ்சம் பணம் என்ற அளவில்தான். அதையாவது எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாகப் பேசிய ரயில் டிக்கெட்டை அப்பா தன் கைக்காசில் எடுத்த கதைகள் நம் பக்கம் நிறைய.

மறைவான செலவில் முதன்மையானது முழங்கால். நம் பிள்ளைகள் ஆடி வளர்வது கட்டாந்தரையில், செம்மண்ணில். கேம்ப்புக்குப் போனதும் திடீரென்று செயற்கைப் புல். பூட்ஸின் அடியில் இருக்கும் ஸ்டட் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பிவிடும், கால் திரும்பாது. முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிவது பெண் வீராங்கனைகளுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்காவது அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் தெரிந்த விஷயம். ஆபரேஷன், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பிசியோ. களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். அந்தச் செலவு யாருடையது என்று கேம்ப்புக்குப் போகும் முன்பே கேட்க வேண்டும். செயற்கைப் புல்லுக்கான பூட்ஸ் தனி என்பதால் அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். 2024 மார்ச்சில் இதே இரண்டாம் டிவிஷன் ஆட கோவாவுக்கு வந்திருந்த ஒரு கிளப்பின் வீராங்கனைகள், கிளப் உரிமையாளரே தங்கள் அறைக்குள் நுழைந்து தங்களைத் தாக்கியதாகப் புகார் கொடுத்தார்கள். அவர் சம்மேளனத்தின் நிர்வாகக் குழு உறுப்பினராகவும் இருந்தவர். கைது நடந்தது, சம்மேளனம் அவரை சஸ்பெண்ட் செய்தது. தைரியமாகப் புகார் கொடுத்த அந்தப் பெண்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். இதைப் படித்துவிட்டுப் பெண்ணை வீட்டில் பூட்ட வேண்டியதில்லை. அணியோடு ஒரு பெண் மேனேஜர் தங்குகிறாரா, அவர் பெயர், நம்பர் என்ன, மொபைலை வாங்கி வைப்பார்களா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பல் பதில் வந்தாலும் விட்டுவிடுங்கள்.

எப்போது இது சரி? பெண்ணுக்கு 18 முடிந்திருக்க வேண்டும், கல்லூரியில் பெயர் இருக்க வேண்டும், லீக் நாட்களுக்கு மட்டும் போய்வர முடிய வேண்டும். மாநில லீக்கும் ஆடும் கிளப்பாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஆட்ட நேரம் அங்கேதான் சேரும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை பொதுத்தேர்வை விட்டுவிட்டுப் போக இது போதுமான காரணம் கிடையாது.

## ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11 ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு வைத்துச் சேர்ப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கேழ்வரகு விலையும் மாங்காய் விலையும் கைகொடுக்காத வருடத்தில்கூட பெண்ணுக்கு முட்டையும் பாலும் தவறாமல் கிடைக்கும்.

கடலூரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அணிக்கு ஆடிய சந்தியா ரங்கநாதன் அங்கே அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். அதே மாவட்டத்தின் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. ஆக இருந்துகொண்டே இந்தியாவுக்கு ஆடினார். 2020 ஊரடங்கில் சென்னைத் தெருவில் காக்கியோடு டியூட்டி பார்த்தார். ஒரு மாவட்டம், ஒரு விடுதி, விடாமல் பயிற்சி கொடுக்க ஓர் ஆள் என்று அமைந்தால் அங்கிருந்து இந்திய அணிக்கே போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2017-18 இலும் 2022-23 இலும் சீனியர் தேசியப் பட்டத்தைத் தமிழ்நாட்டுப் பெண்கள் வென்றதும் திடீரென்று நடந்ததில்லை.

குறைகளும் உண்டு. எல்லா விடுதியிலும் பெண்கள் கால்பந்து கிடையாது. இடம் கிடைத்தால் வீட்டிலிருந்து வெகுதூரம் போக வேண்டிவரும். கோச்சுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் ஒரே இரவில் எல்லாம் மாறும். ஆட்டம் இறங்கினால் அடுத்த வருடமும் இடம் உறுதி என்று நினைக்க முடியாது. பிள்ளையைச் சேர்க்கும் பள்ளி அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா, தனியாரா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன 6 முதல் 12 கணக்கு இங்கேயும் வரும்.

இன்னொரு லாபம் இருக்கிறது. நம் இரு மாவட்டங்களிலும் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே மாப்பிள்ளை பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. "ஹாஸ்டல்ல படிக்கறா, கவர்மென்ட் ஹாஸ்டல்" என்றால் சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். "கிளப்புக்கு ஆடப் போயிருக்கா" என்று சொன்னால் அடுத்த வாரமே ஜாதகத்தோடு வந்து நிற்பார்கள். அம்மாக்களுக்கு இது நன்றாகவே தெரியும். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு விடுதி தரும் நான்கைந்து வருடம், ஆட்டத்துக்கு மட்டுமில்லாமல் அவள் வாழ்க்கைக்கே கிடைக்கும் அவகாசம்.

## பெங்களூரு

ஓசூர்க்காரர்களுக்கு இது இயல்பான எண்ணம். நாற்பது கிலோமீட்டர்தான், கன்னடமும் தெலுங்கும் வீட்டிலேயே புழங்கும். அங்கே பெண்களுக்கு மாநில லீக் இருக்கிறது, முதல் டிவிஷனில் ஆடிய கிளப்பும் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தர்மபுரியிலிருந்து இன்னும் தூரம், ரயில் உண்டு என்பது மட்டும் ஆறுதல். கிருஷ்ணகிரி நகரத்துக்கு அதுவும் இல்லை.

தினமும் போய்வரலாம் என்ற கணக்கு, எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளியில் உடைந்துவிடும். நம் ஊரில் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். கர்நாடகத்தின் சக்தி திட்டம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும். எல்லை தாண்டியதும் ஒவ்வொரு டிக்கெட்டும் காசு. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்தபிறகு பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசல் தொல்லை குறைந்திருக்கிறது, நேரம் மிச்சம். ஆனால் மாலைப் பயிற்சி முடிந்து எட்டு மணிக்கு மேல் கிளம்பும் பெண் வீடு வந்து சேரும் நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.ஜி.யில், அதாவது சாப்பாட்டோடு வாடகைக்கு விடும் தனியார் விடுதியில், தங்க வைத்தால் வாடகை, சாப்பாடு சேர்த்து மாதாமாதம் வீட்டிலிருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பணத்துக்காக ஓசூர்ப் பக்கம் செல்போன் உதிரிபாக கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்து, ஆட்டத்தை மெல்ல விட்டுவிடும் பெண்களும் உண்டு.

பெரிய மறைவுச் செலவு இன்னொன்று. கர்நாடக கிளப்பில் பதிவு செய்துகொண்டு அங்கேயே ஆடினால் தமிழ்நாட்டுத் தேர்வாளர் கண்ணில் படுவது குறையும். படிவம் 2 க்கு வேண்டியது மாநில அணியில் இடம். அந்த இடத்தை எந்த மாநிலத்தில் தேடப்போகிறாள் என்ற முடிவும் இதோடு சேர்ந்தே எடுக்க வேண்டியது.

பிளஸ் டூ முடித்து, பெங்களூரிலேயே ஒரு கல்லூரி ஸ்போர்ட்ஸ் சீட்டும் விடுதியும் சேர்த்துக் கொடுத்தால், யோசிக்காமல் போகலாம். அகாடமி ஃபீஸ் கட்டி ஆட வேண்டிய நிலை என்றால் வேண்டாம். அவள் ஆட்டத்துக்கு அவர்கள்தான் செலவு செய்ய வேண்டும்.

## கல்லூரி

இந்த வழியை யாரும் ஆசையோடு கேட்பதில்லை. எனக்கோ பதினெட்டு வயதுக்கு இதுதான் முதல் தேர்வு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் நான்கு மாவட்டக் கல்லூரிகளும் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் தென் மண்டலப் போட்டி, அதில் தேறினால் அகில இந்தியப் போட்டி. படிவம் 3 இந்த வழியில்தான் வருகிறது. டிகிரியும் கூடவே வரும்.

பெண்கள் அணி உண்மையிலேயே இருக்கிற கல்லூரியாகப் பாருங்கள். பல இடங்களில் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு கபடிப் பெண்களையும் ஓட்டப்பந்தயப் பெண்களையும் சேர்த்துப் பதினொன்று ஆக்கிவிடுவார்கள். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அப்படி ஒரு கல்லூரியில் சேர்ப்பதைவிட, சேலம், கோவை, சென்னையில் முழு அணியும் விடுதியும் இருக்கும் கல்லூரி மேல். அட்டெண்டன்ஸில் போட்டி நாட்களுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு) தருவார்களா என்பதையும் சேரும்போதே கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | செகண்ட் டிவிஷன் கிளப் | ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் | பெங்களூரு | கல்லூரி |
|---|---|---|---|---|
| ஆட்ட நேரம் | தரம் உயர்வு, மேட்ச் குறைவு | பள்ளிப் போட்டிகள் வருடம் முழுக்க | மாநில லீக் இருப்பதால் நன்று | கல்லூரி அணியைப் பொறுத்தது |
| படிப்பு | பள்ளி வயதில் ஆபத்து | தொடரும் | பள்ளி வயதில் சலுகை இழப்பு | தொடரும் |
| சான்றிதழ் | நேரடியாக இல்லை | பள்ளி, மாநில அணி வாய்ப்பு | எந்த மாநில அணி என்ற குழப்பம் | படிவம் 3 |
| வீட்டுச் செலவு | குறைவு, எழுத்தில் இருந்தால் | மிகக் குறைவு | அதிகம் | ஸ்போர்ட்ஸ் சீட் என்றால் குறைவு |
| பொருந்தும் வயது | 18க்கு மேல் | 12 முதல் 16 | 18க்கு மேல், ஓசூர்ப் பக்கம் | 17, 18 முதல் |

## யாருக்கு எது

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறவளுக்கு விடுதித் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். கிடைக்கவில்லையென்றால் உள்ளூர் அரசுப் பள்ளியிலேயே இருந்து குறுவட்டம், மாவட்டம், முதலமைச்சர் கோப்பை என்று ஆடட்டும், பதினொன்றில் இன்னொரு வாய்ப்பு உண்டு. பதினொன்று, பன்னிரண்டில் இருப்பவளை எந்தக் கிளப் கூப்பிட்டாலும் தேர்வு முடியட்டும் என்று சொல்லுங்கள். உண்மையாகவே வேண்டும் என்பவர்கள் ஒரு சீசன் பொறுப்பார்கள்.

பிளஸ் டூ முடித்தவளுக்கு நான் சொல்வது, கல்லூரியில் இடம், லீக் நாட்களில் கிளப். இரண்டும் சேர்ந்து நடக்கக்கூடியது. கல்லூரி பி.டி. சாரிடமும் கிளப் கோச்சிடமும் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரிடம் பேசிவிடுங்கள், தேதி மோதினால் யாருக்கு முதலிடம் என்று முன்பே தெரிந்துவிடும்.

படிப்பை ஏற்கெனவே விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் இருபது வயதுப் பெண் என்றால் என் பதில் வேறு. அவளுக்குக் கிளப்தான் மீண்டும் உள்ளே வரும் கதவு. அவள் கட்டாயம் போகட்டும். போன இடத்திலிருந்தே தொலைநிலைக் கல்வியில் ஒரு டிகிரிக்குப் பதிவு செய்துகொள்ளட்டும்.

## கையெழுத்துக்கு முன்

சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவான சி.ஆர்.எஸ்.ஸில் ஒரு நேரத்தில் ஒரு கிளப்புக்குத்தான் பதிய முடியும். அதனால் அமெச்சூராகப் பதிகிறார்களா, புரொஃபஷனலாகவா என்று கேளுங்கள். அமெச்சூர் என்றால் சீசன் முடிந்ததும் வேறிடம் போவது எளிது. புரொஃபஷனல் ஒப்பந்தம் என்றால் அதன் காலம் முழுக்கக் கட்டுப்படுத்தும், நடுவில் வெளியே வர ரிலீஸ் வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களை மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் கட்டக் கூடாது என்பது ஃபிஃபா விதி. ஆங்கிலத்தில் இருக்கும் பேப்பரை அவசரப்படுத்தினால் போட்டோ எடுத்துக்கொண்டு, தெரிந்த ஒரு வக்கீலிடமோ ஆசிரியரிடமோ காட்டிவிட்டு மறுநாள் போடலாம். நாளைக்கே கிளம்பி வாருங்கள் என்பவர்களிடம் நாளை மறுநாள் வருகிறோம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஆதார், பிறப்புச் சான்றிதழ், போட்டோ ஆகியவற்றைப் பதிவுக்குக் கேட்பார்கள், கொடுக்கலாம். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் எந்தக் கிளப்பிடமும் கொடுத்துவைக்க வேண்டாம். பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரட்டும், ஜெராக்ஸ் போதும்.